பெடாட் படலத்தில் இசட்டி 2.6 வருகிறது. எங்கே தப்பு?

#1 நுண்படலம்

வணக்கம். கரிம வெப்பமின் பொருட்களில், அதாவது வெப்பத்தை நேரே மின்சாரமாக்கும் பாலிமர் போன்றவற்றில், வேலை தொடங்கி எட்டு மாதம் ஆகிறது. நேற்று ராத்திரி கணக்குப் போட்டு வந்த எண்ணைப் பார்த்ததிலிருந்து தூக்கமில்லை. சந்தோஷத்தில் இல்லை, பயத்தில்.

பொருள் பெடாட்:பிஎஸ்எஸ் என்ற மின்கடத்தும் பாலிமர். கண்ணாடியில் படலமாக வார்த்து, எத்திலீன் கிளைக்கால் என்ற கரைப்பானில் முக்கி எடுத்து, சூடாக்கி உலர்த்தியது. மின்கடத்துத்திறன் செ.மீ.க்கு 850 சீமென்ஸ், நான்கு முனை அளவீட்டில். சீபெக் கெழு கெல்வினுக்கு 160 மைக்ரோவோல்ட். வெப்பக் கடத்துத்திறனை அளக்க எங்களிடம் கருவி இல்லை. அதனால் கட்டுரைகளில் அடிக்கடி பார்க்கும் 0.25 வாட்/மீட்டர்·கெல்வின் என்ற மதிப்பைப் போட்டேன். 300 கெல்வினில் இசட்டி, அதாவது பொருளின் தரத்தைச் சொல்லும் எண், 2.6.

அறை வெப்பநிலையில் பிஸ்மத் டெல்லுரைடே 1-ஐச் சுற்றித்தான் நிற்கிறது. நான் உலக சாதனை எதுவும் செய்யவில்லை என்பது எனக்கே தெரியும். வழிகாட்டியிடம் கொண்டுபோவதற்கு முன் இங்கே அடி வாங்கிக்கொள்ளலாம் என்று வந்திருக்கிறேன்.

#2 சந்தேகசாமி

நோபல் உரையில் எங்கள் பெயரையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

#3 கிழட்டு எலக்ட்ரான்

தம்பி, கருவியைத் தொடுவதற்கு முன் ஒரு காகிதக் கணக்கு.

ஒரு பொருளில் வெப்பத்தை இரண்டு பேர் சுமக்கிறார்கள். ஒருவர் அணுக்களின் அதிர்வு, அதாவது ஃபோனான். இன்னொருவர் மின்னோட்டத்தைச் சுமக்கும் அதே மின்துகள்கள். இந்த இரண்டாவது பங்கை வீடமன்-ஃபிரான்ஸ் விதி சொல்லிவிடும்: லொரென்ஸ் எண், மின்கடத்துத்திறன், வெப்பநிலை மூன்றின் பெருக்கல். உங்கள் படலத்துக்கு 2.44 × 10⁻⁸ × 85,000 × 300 (செ.மீ.க்கு 850 என்பது மீட்டருக்கு 85,000). போட்டுப் பாருங்கள், 0.62 வருகிறது. மின்துகள்கள் மட்டுமே 0.62-ஐச் சுமக்கும்போது மொத்த வெப்பக் கடத்துத்திறன் எப்படி 0.25 ஆகும்?

இன்னொரு படி போவோம். ஃபோனான்கள் வேலைநிறுத்தம் செய்துவிட்டன, அதிர்வுகள் வெப்பமே கடத்தவில்லை என்று வைத்துக்கொள்ளுங்கள். அப்போது இசட்டி சூத்திரத்தில் (சீபெக் வர்க்கம் × மின்கடத்துத்திறன் × வெப்பநிலை ÷ வெப்பக் கடத்துத்திறன்) மின்கடத்துத்திறனும் வெப்பநிலையும் மேலும் கீழும் அடிபட்டுப் போகும். மிஞ்சுவது சீபெக் கெழுவின் வர்க்கத்தை லொரென்ஸ் எண்ணால் வகுத்தது மட்டும். 160 மைக்ரோவோல்ட்டுக்கு அது 1.05. இதுதான் உச்சவரம்பு. மின்துகள் அடர்த்தி குறைந்த குறைகடத்தி என்று வாதிட்டு லொரென்ஸ் எண்ணை 1.5 × 10⁻⁸ வரை இறக்கினாலும் 1.7-ஐத் தாண்டாது. 2.6 வந்தால் மூன்று எண்களில் ஒன்றாவது பொய்.

#4 வழிப்போக்கன்

வேடிக்கை பார்க்க வந்தவன். இசட்டி என்றால் என்ன, பிளாஸ்டிக்குக்கு இதில் என்ன வேலை என்று யாராவது சுருக்கமாகச் சொல்வீர்களா?

#5 கிழட்டு எலக்ட்ரான்

ஒரு கம்பியின் ஒரு முனையைச் சூடாக்கினால் அங்கிருக்கும் மின்துகள்கள் குளிர்ந்த முனைக்கு நகரும். இரண்டு முனைகளுக்கும் இடையே மின்னழுத்தம் பிறக்கும். 1821-ல் சீபெக் இந்த விளைவைக் கண்டார், காந்தவிளைவு என்று தப்பாகப் புரிந்துகொண்டார், அது வேறு கதை. ஒரு கெல்வின் வித்தியாசத்துக்கு எத்தனை மைக்ரோவோல்ட் என்பது சீபெக் கெழு. அது பெரிதாக இருக்க வேண்டும், மின்சாரம் சுலபமாக ஓட வேண்டும், வெப்பம் மட்டும் ஓடக்கூடாது. இந்த மூன்று ஆசையையும் ஒரே எண்ணில் அடக்கியதுதான் இசட்டி. அதற்கு அலகு கிடையாது.

வம்பு எங்கே என்றால், இந்த மூன்றும் ஒன்றோடொன்று பிணைந்தவை. மின்துகள்களைக் கூட்டினால் மின்சாரம் நன்றாக ஓடும், ஆனால் சீபெக் கெழு விழும். கூடவே வெப்பமும் ஓடத் தொடங்கும். 1993-ல் ஹிக்ஸ், மில்ட்ரெட் டிரெஸ்ஸல்ஹவுஸ் இருவரும் பொருளைச் சில நானோமீட்டர் அளவுக்கு ஒடுக்கினால் இந்தப் பிணைப்பைத் தளர்த்தலாம் என்று கணக்குப் போட்டுக் காட்டினார்கள். நானோ அமைப்பு என்ற சொல் இந்தத் துறைக்குள் வந்து உட்கார்ந்ததற்கு அந்தக் கணக்கு முக்கியமான காரணம்.

பிளாஸ்டிக் ஏன் என்றால், வெப்பத்தை அது இயல்பாகவே மோசமாகக் கடத்தும், 0.2 அல்லது 0.3 அளவுக்கு. பிஸ்மத் டெல்லுரைடு 1.5 பக்கம். அப்புறம் டெல்லூரியம் பூமியின் மேலோட்டில் பொன்னைப் போலவே அரிதானது. பாலிமரை மையாகக் கரைத்து அச்சடிக்கலாம், வளைக்கலாம்.

#6 கரிமவேதி

நுண்படலம், மூன்று கேள்வி. மழுப்பாமல் பதில் சொல்லுங்கள்.

மின்கடத்துத்திறனும் சீபெக்கும் ஒரே படலத்தில் அளந்தவையா? சீபெக் அளக்கும்போது சுற்றிலும் ஈரப்பதம் எவ்வளவு? வெப்பவித்தியாசம் கொடுத்து எத்தனை நொடி கழித்து மின்னழுத்தத்தைப் படித்தீர்கள்?

#7 நுண்படலம்

அக்கா, முதல் கேள்வியிலேயே மாட்டிக்கொண்டேன்.

ஒரே படலம் இல்லை. கிளைக்காலில் முக்கி எடுத்த படலம் மெல்லியது. சீபெக் மேடையில் வைத்து இறுக்கியபோது தொடுமுனை குத்தி ஓட்டை விழுந்தது. அதனால் முக்கப்படாத ஒரு தடித்த படலத்தில் சீபெக் அளந்தேன். கிளைக்கால் போன்ற கரைப்பான்கள் மின்கடத்துத்திறனை ஆயிரம் மடங்குவரை ஏற்றினாலும் சீபெக்கை அவ்வளவாகத் தொடாது என்று பல கட்டுரைகளில் படித்திருந்தேன். அந்தத் துணிச்சல்.

ஈரப்பதம் அளக்கவில்லை. திறந்த மேடை. அன்று மழை. வெப்பவித்தியாசம் கொடுத்துச் சில நொடிகளில் படித்தேன்.

#8 சந்தேகசாமி

மூன்று எண், மூன்று படலம். அதில் ஒரு படலம் உங்களுடையதே இல்லை, யாரோ எப்போதோ கட்டுரைக்காகச் செய்தது.

#9 கரிமவேதி

சிரிக்காதீர்கள், அவர் படித்தது தப்பில்லை. முக்கினாலும் சீபெக் பெரிதாக மாறாது என்பது உண்மைதான். ஏன் மாறாது என்பதில்தான் இந்தப் பொருளின் அழகே இருக்கிறது. கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

பெடாட்:பிஎஸ்எஸ் இரண்டு பாலிமர்கள் சேர்ந்த கலவை. பெடாட் நேர்மின் சுமந்தது, மின்சாரம் கடத்துவது அதுதான். பிஎஸ்எஸ் எதிர்மின் சுமந்தது, தண்ணீரில் கரையும், மின்துகள்களைக் கடத்தாது. அது இல்லையென்றால் பெடாட்டைத் தண்ணீரில் மிதக்கவே விட முடியாது. வார்த்து உலர்ந்ததும் பெடாட் செறிந்த சிறு மணிகள் உருவாகின்றன, சில பத்து நானோமீட்டர் அளவில். ஒவ்வொரு மணியைச் சுற்றியும் பிஎஸ்எஸ் தோல். மணிக்குள்ளே வழி நன்றாக இருக்கும். ஒரு மணியிலிருந்து அடுத்ததற்குத் தாவும் இடத்தில்தான் துகள் திணறும். அதனால்தான் முக்காத படலத்தின் மின்கடத்துத்திறன் செ.மீ.க்கு ஒரு சீமென்ஸைக்கூடத் தொடுவதில்லை.

கிளைக்காலோ டைமெத்தில் சல்ஃபாக்சைடோ இந்தத் தோலைப் பிரித்து விலக்குகிறது. முக்கி எடுத்தால் உபரி பிஎஸ்எஸ் கழுவப்பட்டே போய்விடும். உள்ளே சுருண்டு கிடந்த பெடாட் சங்கிலிகள் நிமிர்ந்து, ஒன்றின்மேல் ஒன்று 0.34 நானோமீட்டர் இடைவெளியில் அடுக்காக உட்காரும். துகள்களின் எண்ணிக்கை ஏறக்குறைய அப்படியே இருக்கிறது, நகரும் வேகம் மட்டும் கூடுகிறது. சீபெக் கெழு முக்கியமாக எண்ணிக்கையைப் பார்ப்பது, வேகத்தைப் பெரிதாகக் கண்டுகொள்ளாது. ஆக மின்கடத்துத்திறன் ஏறுகிறது, சீபெக் கிடந்த இடத்தில் கிடக்கிறது. கிழட்டு எலக்ட்ரான் ஐயா சொன்ன பிணைப்பு தளர்வதற்கு எனக்குத் தெரிந்த மிக எளிய உதாரணம் இதுதான்.

ஆனால் முக்காத பெடாட்:பிஎஸ்எஸ்ஸின் சீபெக் 15 முதல் 20 மைக்ரோவோல்ட்தான். 160 எங்கிருந்து வந்தது? மழையிலிருந்து. பிஎஸ்எஸ் தண்ணீரை உறிஞ்சும். உறிஞ்சினால் அதிலுள்ள புரோட்டான்கள் அயனிகளாக நடமாடத் தொடங்கும். வெப்பவித்தியாசம் கொடுத்தால் அவையும் குளிர்ந்த முனைக்கு ஓடும், நூற்றுக்கணக்கில் மைக்ரோவோல்ட் காட்டும். ஆனால் அயனி உலோக முனைக்குள் நுழைய முடியாது. வாசலில் போய்க் குவிந்து நின்றுவிடும். ஒரு மின்தடையை இணைத்துப் பாருங்கள், கொஞ்ச நேரம் மின்னோட்டம் வரும், பிறகு வற்றிவிடும். மின்தேக்கியாகப் பயன்படுத்த அது சரி. தொடர்ந்து மின்சாரம் எடுக்கும் கருவியின் இசட்டியில் அந்த 160-ஐ நுழைக்கக்கூடாது.

முக்கி எடுத்த படலத்தில் இந்தக் கோளாறு அநேகமாகத் தெரியாது. உபரி பிஎஸ்எஸ் போய்விட்டது, அதோடு மின்துகள் பாதை அவ்வளவு சுலபமானதால் அயனி எழுப்பும் மின்னழுத்தத்தை அது குறுக்கே ஓடி அழித்துவிடும். நீங்கள் அளந்ததோ அயனி விளைவு பெரிதாகத் தெரியும் படலத்தில், ஈரமான நாளில்.

#10 வழிப்போக்கன்

"துகள்களின் எண்ணிக்கை" என்கிறீர்களே, அதைக் கூட்டுவது குறைப்பதுதானே மாசூட்டல்? வேண்டுமென்றே, அளந்து சேர்ப்பதை மாசு என்று சொல்வது எனக்கு எப்போதும் உறுத்தும்.

#11 கிழட்டு எலக்ட்ரான்

எனக்கும் உறுத்தும். முப்பது வருடமாக வகுப்பில் அதே சொல்லைச் சொல்லியும் பழகவில்லை. சிலிக்கானில் வெளி அணு உள்ளே போய் உட்காருகிறது, அதற்காவது ஓரளவு பொருந்தும். பாலிமரில் நடப்பது ஆக்சிஜனேற்றம் அல்லது ஒடுக்கம். சங்கிலியிலிருந்து எலக்ட்ரானைப் பிடுங்குகிறோம் அல்லது கொடுக்கிறோம், ஈடுகட்ட ஒரு எதிர் அயனி பக்கத்தில் வந்து நிற்கிறது. 1977-ல் ஷிராகாவா, மெக்டயார்மிட், ஹீகர் மூவரும் பாலிஅசெட்டிலீனுக்கு அயோடின் காட்டியபோது நடந்ததும் அதுதான். நான் "ஊட்டம்" என்று எழுதிப் பார்த்தேன். மின்னூட்டத்தோடு குழம்பியது. விட்டுவிட்டேன்.

#12 வெப்பக்கசிவு

எல்லோரும் சீபெக்கையே பிடித்துக்கொண்டிருக்கிறீர்கள். எனக்கு அந்த 0.25 பெரிய குற்றமாகத் தெரிகிறது.

படலத்தில் மின்சாரம் பக்கவாட்டில் ஓடுகிறது. சீபெக்கும் பக்கவாட்டில் அளந்தது. ஆனால் 0.25, 0.3 மாதிரியான மதிப்புகள் பெரும்பாலும் படலத்தின் கனத்துக்குக் குறுக்கே, மேலிருந்து கீழே அளந்தவை, ஏனென்றால் மெல்லிய படலத்தில் சுலபமாக அளக்க முடிவது அந்தத் திசையில்தான். லேசர் துடிப்பால் சூடாக்கி அளப்பதும், மூன்று ஒமேகா முறையும் அப்படித்தான். பெடாட் சங்கிலிகள் கண்ணாடிக்கு இணையாகப் படுத்துக் கிடப்பவை. பக்கவாட்டில் வெப்பம் நிறையக் கூடுதலாக ஓடும். கரைப்பான் சேர்த்த பெடாட்:பிஎஸ்எஸ்ஸில் குறுக்கே 0.3 இருந்தபோது பக்கவாட்டில் 1 வரை அளந்திருக்கிறார்கள். பக்கவாட்டில் அளக்க அடித்தளத்திலிருந்து படலத்தை உரித்துத் தொங்கவிட வேண்டும். கண்ணாடியோடு அளந்தால் நீங்கள் அளப்பது கண்ணாடியைத்தான்.

எலக்ட்ரானை ஒரு திசையில் எண்ணி வெப்பத்தை வேறு திசையில் எண்ணினால் இசட்டி வேண்டிய அளவுக்கு வளரும்.

#13 சந்தேகசாமி

இப்போது நேர்மையாகவே கேட்கிறேன். இந்தத் துறையில் வெளிவந்த பெரிய எண்கள் மட்டும் எந்த ஒழுங்கில் வந்தவை? 2013-ல் மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் கெவின் பைப் குழு பெடாட்:பிஎஸ்எஸ்ஸுக்கு இசட்டி 0.42 என்று வெளியிட்டது. அங்கே சீபெக் ஏறக்குறைய 73 மைக்ரோவோல்ட். #3-ல் இருக்கும் அதே உச்சவரம்பைப் போடுங்கள், 0.22 வருகிறது. 0.42 அதைப்போல் ஏறக்குறைய இரண்டு மடங்கு. நுண்படலத்தை மட்டும் ஏன் அடிக்கிறோம்?

#14 கிழட்டு எலக்ட்ரான்

நல்ல அடி. பதில் அவ்வளவு சுத்தமாக வராது. வீடமன்-ஃபிரான்ஸ் விதி உலோகத்துக்காக எழுதப்பட்டது. துகள் ஒரு தளத்திலிருந்து அடுத்ததற்குத் தாவிப் போகும் பொருளில் அது அப்படியே நிற்க வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. லொரென்ஸ் எண் அங்கே கூடவும் செய்யலாம், குறையவும் செய்யலாம். ஆனால் பெடாட்டின் பக்கவாட்டு வெப்பக் கடத்துத்திறனை மின்கடத்துத்திறனோடு சேர்த்து அளந்தவர்களுக்கு, மின்துகள் பங்கு அந்த விதி சொல்வதை ஒட்டித்தான் ஏறியது. அதனால் 0.42-ஐ நான் என் வகுப்பில் எழுதுவதில்லை. அந்தப் படலங்களின் மின்பகுதி அருமையான வேலை, அதைக் குறைத்துப் பேசமாட்டேன்.

#15 கரிமவேதி

எண் சண்டையில் உத்திகள் அடிபட்டுப் போகக்கூடாது. 2011-ல் ஸ்வீடனின் லின்ஷோப்பிங்கில் புப்னோவா, கிறிஸ்பின் குழு பெடாட்:டோசிலேட்டை (பிஎஸ்எஸ்ஸுக்குப் பதில் டோசிலேட் அயனி) ஒரு அமீன் ஆவியில் காட்டி, ஆக்சிஜனேற்ற நிலையைப் படிப்படியாக இறக்கினார்கள். மின்கடத்துத்திறன் விழுந்தது, சீபெக் ஏறியது, நடுவில் ஒரு உச்சத்தில் இசட்டி 0.25. எண்ணைவிட அந்த வளைகோடுதான் எனக்கு முக்கியம்: மாசூட்டலைத் திருப்பி எடுக்கலாம், எங்கே நிறுத்துவது என்று தேடலாம்.

2010-ல் செகல்மன், அர்பன் குழுவினர் டெல்லூரியம் நானோகம்பிகளுக்குப் பெடாட்:பிஎஸ்எஸ் உறை போட்டுத் தண்ணீரிலேயே வார்த்தார்கள், இசட்டி 0.1. கார்பன் நானோகுழாய் வலைகள் இன்னொரு பக்கம். ஒற்றைக் குழாய் வெப்பத்தை வைரத்துக்கு நிகராகக் கடத்தும், ஆனால் வலையாகப் பின்னினால் ஒவ்வொரு சந்திப்பிலும் வெப்பம் முட்டி நிற்கிறது, மின்சாரம் அவ்வளவு முட்டுவதில்லை. 2024-ல் சீன அறிவியல் கழகத்தின் வேதியியல் நிறுவனத்திலிருந்து வந்தது இவற்றையெல்லாம் தாண்டியது: இரண்டு வேறு பாலிமர்களைச் சில நானோமீட்டர் கனத்தில் மாறி மாறி அடுக்கி, 368 கெல்வினில் 1.28. இடைமுகத்தில் இரண்டும் கொஞ்சம் கலந்திருக்கும்படி விட்டிருக்கிறார்கள். ஃபோனான் அங்கே சிதறும், துகள் தொடர்ந்து போகும்.

#16 சந்தேகசாமி

சரி, 1.28 என்றே வைப்போம். அதை வைத்து என்ன செய்ய? 100 டிகிரி சூடு, 27 டிகிரி குளிர். எந்த வெப்ப இயந்திரமும் தாண்ட முடியாத கார்னோ எல்லையே 19.6 சதவீதம். இசட்டி 1 என்றால் கையில் வருவது மொத்தமே 3.7 சதவீதம். 0.4 என்றால் 1.8. இதற்கா இவ்வளவு பாடு?

#17 வெப்பக்கசிவு

வீணாகப் போகும் சூட்டுக்கு யாரும் காசு கேட்பதில்லை, அதனால் சதவீதம் என்னை உறுத்துவதில்லை. உறுத்துவது வடிவம். "தோலில் ஒட்டினால் உடல் சூட்டிலேயே கைக்கடிகாரம் ஓடும்" என்று படம் போடுகிறார்களே, அதற்கு ஒரு கணக்கு.

100 மைக்ரோமீட்டர் கனமுள்ள பாலிமர், வெப்பக் கடத்துத்திறன் 0.3. அதன் வெப்பத்தடை ஒரு சதுர மீட்டருக்கு 0.00033 கெல்வின்/வாட். அதற்கு வெளியே அசையாத காற்று. அதன் தடை ஏறக்குறைய 0.1, அதாவது முந்நூறு மடங்கு. தோலுக்கும் அறைக்கும் 10 டிகிரி வித்தியாசம் இருந்தால் உங்கள் படலத்துக்குக் கிடைப்பது 0.03 டிகிரி. மிச்சம் முழுவதையும் காற்று சாப்பிட்டுவிடும். இசட்டி 5 இருந்தாலும் 0.03 டிகிரியில் ஒன்றும் நடக்காது. பாலிமரைப் பல மில்லிமீட்டர் உயரத்துக்கு நிறுத்த வேண்டும், அல்லது பக்கவாட்டில் வெப்பம் ஓடும்படி மடித்துச் சுருட்ட வேண்டும். பக்கவாட்டில் என்றால் தாங்கி நிற்கும் பிளாஸ்டிக் தாளும் கூடவே வெப்பத்தைக் கடத்தும். அந்தக் கசிவைச் சேர்த்து எழுதிய கட்டுரை எத்தனை என்று தேடிப் பாருங்கள். என் புனைபெயரே அந்தக் கோபத்தில் வைத்ததுதான்.

#18 வழிப்போக்கன்

கருவிக்கு இரண்டு கால் வேண்டும், ஒன்றில் துளை (எலக்ட்ரான் விட்டுப்போன நேர்மின் காலியிடம்), ஒன்றில் எலக்ட்ரான் என்று படித்த ஞாபகம். பெடாட் ஒரு காலுக்குத்தானே?

#19 கரிமவேதி

ஆமாம், துளைக் கால் மட்டும். எலக்ட்ரான் கால் பல காலம் நொண்டிதான். எலக்ட்ரானை ஏற்றி வைத்த பாலிமரிலிருந்து காற்றிலுள்ள ஆக்சிஜனும் ஈரமும் அதைப் பிடுங்கிக்கொள்ளும். எலக்ட்ரானை இன்னும் ஆழமான ஆற்றல் மட்டத்தில் வைக்கும் மூலக்கூறுகள் வந்த பிறகுதான் நிலைமை தேறியது. 2021-ல் பிபிஎல் என்ற ஏணி வடிவப் பாலிமரோடு பாலிஎத்திலீன்இமைன் சேர்த்த மை லின்ஷோப்பிங்கிலிருந்து வந்தது, காற்றில் தாங்குகிறது. அது தனி இழைக்கான விஷயம்.

#20 நுண்படலம்

பன்னிரண்டு நாள் கழித்து வருகிறேன்.

முதலில் அந்தப் பழைய தடித்த படலம். நைட்ரஜன் ஓடும் பெட்டிக்குள் மேடையை வைத்து, ஒரு நாள் முழுக்க உலரவிட்டு அளந்தேன். 160 எங்கே போனதென்றே தெரியவில்லை, 17 வந்தது. பெட்டிக்குள் ஈரக்காற்றைத் திரும்ப விட்டபோது ஏறத் தொடங்கியது. மின்தடையை இணைத்தேன். அக்கா சொன்னபடியே கொஞ்ச நேரம் மின்னோட்டம், பிறகு வற்றிப்போனது. வரைபடத்தைச் சுவரில் ஒட்டி வைத்திருக்கிறேன்.

அடுத்து முக்கி எடுத்த படலம். ஓரங்களில் மெல்லிய பொன் பட்டை படியவைத்து, தொடுமுனையை அதன் மேல் இறக்கியதால் இந்த முறை ஓட்டை விழவில்லை. பட்டைகளைக் குறுகலாக, படலத்தின் இரு விளிம்புகளையும் ஒட்டியே வைத்தேன். முனைகள் உள்ளே தள்ளி அகலமாக இருந்தால் சீபெக் கூடுதலாகக் காட்டும் என்று ஆய்வகத்தில் மூத்தவர் ஒருவர் எச்சரித்திருந்தார். அதே படலத்தில் மின்கடத்துத்திறன் 850, சீபெக் 18.

வெப்பக் கடத்துத்திறன் இன்னும் அளக்கவில்லை. 0.25 போட்டால் இசட்டி 0.033. வழக்கம்போல் உச்சவரம்பைப் பார்த்தேன், 18 மைக்ரோவோல்ட்டுக்கு 0.013தான். ஆக சீபெக்கைத் திருத்திய பிறகும் அந்த 0.25 பொய் சொல்லிக்கொண்டே இருந்தது. பக்கவாட்டு மதிப்பு 1 என்று வைத்தால் 0.008.

2.6-லிருந்து 0.008. முந்நூறு மடங்கு.

#21 கிழட்டு எலக்ட்ரான்

இதில் ஒரு வார்த்தைகூட மாற்றாமல் வழிகாட்டியிடம் காட்டுங்கள், அந்த வற்றிப்போன மின்னோட்ட வரைபடத்தோடு. படலத்தின் கனத்தை எப்படி அளந்தீர்கள்? 850 அதை நம்பித்தான் இருக்கிறது.

#22 நுண்படலம்

கீறி, ஊசிமுனைக் கருவியால் படியை அளந்தேன், ஒரே இடத்தில். ஆமாம் ஐயா, புரிகிறது. நாளைக்கு ஐந்து இடத்தில் கீறுகிறேன்.

#23 சந்தேகசாமி

உரித்துத் தொங்கவிட ஆள் தேவைப்பட்டால் சொல்லுங்கள். எங்கள் ஆய்வகத்தில் தொங்கும் சவ்வு மேடை சும்மா கிடக்கிறது. பொன் பட்டை வைக்காத துண்டுகளாக நான்கு அனுப்புங்கள். கண்டிப்பாக இரண்டு கிழியும்.